மாசியில் களைக்கும் வீடுகள்

ரொறன்ரோவில் டிசம்பர் குளிரைப் பற்றி யாரும் பெரிதாக முறையிடுவதில்லை. முதற்பனி விழுந்தால் பிள்ளைகள் ஜன்னலடிக்கு ஓடுகிறார்கள். நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று அடுத்தடுத்து நாள்கள் வருகின்றன. வீட்டுக்கு ஆட்களும் வருகிறார்கள். தை கழிந்து மாசி நடுப்பகுதி வரும்போதுதான் வீடுகள் களைக்கத் தொடங்குகின்றன. வாசலடியில் சப்பாத்துகள் வீதி உப்புப் பூத்து வெள்ளைக் கோடுகளோடு கிடக்கும். கோட்டுகளின் பாரம் தாங்காமல் கொழுவி சரியும். கையுறையில் ஒன்று இருக்கும், மற்றது இராது. ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கும், பிள்ளைகளின் மூக்கில் இரத்தம் கசியும், கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் பனிக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் கிடக்கும்.

இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 11½ மணி நேரம் வெளிச்சம் இருக்கும். மாசியில் இங்கும் பகல் நீண்டுவிடுகிறது. குளிர்தான் போவதில்லை. உறைந்த நிலமும் குளிர்ந்த ஏரியும் சூடேற நாள் எடுக்கின்றன. ஒன்ராறியோ ஏரி மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர் ஆழம். அவ்வளவு நீரும் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் இலகுவில் வெப்பம் பிடிக்காது. சித்திரையில்கூட ஏரிப் பக்கத்துக் காற்று மேலங்கியைக் கழற்ற விடாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் எறிக்கிறதே என்று கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அறையும். மனம் சலிப்பது அந்த இடத்தில்தான்.

நாற்பது ஆண்டுகளில் இந்த நகரத்துத் தமிழ் வீடுகள் குளிரைப் பெரும்பாலும் வென்றுவிட்டன. நீண்ட பனிக்காலத்தின் சலிப்பை வெல்லவில்லை. அது ஆள் மாறியிருக்கிறது. அன்று வெளியே வேலைக்குப் போனவனைப் பிடித்தது, இன்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் வயதானவர்களைப் பிடித்திருக்கிறது. இதை நாம் போதிய அளவு பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை.

தொடர்மாடியும் நிலவறையும்

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர் பெருமளவில் கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 பேரை மீனவர்கள் மீட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பலர் பனியை அதற்கு முன் சினிமாவில் மட்டுமே கண்டவர்கள்.

ரொறன்ரோவில் அவர்கள் முதலில் சேர்ந்த இடங்களில் ஒன்று செயின்ட் ஜேம்ஸ் டவுன். வெல்லஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கும் பகுதியில், 1960களில் எழுந்த உயர்ந்த தொடர்மாடிகள். பிறகு ஸ்காபரோவின் தொடர்மாடிகளும் நிலவறைகளும். இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. இல்லாவிட்டால் ஆறேழு பொடியள் சேர்ந்து இருந்தார்கள். பகல் வேலைக்காரன் எழும்பிய மெத்தையில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். யாரோ தந்த பழைய கோட்டுக்குள் முதல் பனிக்காலம் கழியும். கோப்பை கழுவும் வேலை, தொழிற்சாலை வேலை, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, விடியப்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை. பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று காலடி விறைத்து, வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தால் வலி உயிர் போகும்.

தொடர்மாடியில் சூடு கட்டடத்தின் கையில் இருந்தது. சில நாள் வியர்க்கும் அளவுக்கு அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து விழும். நிலவறையில் நேர்மாறு. தெர்மோஸ்டாட் மேல்வீட்டில் இருக்கும். மேலே இருப்பவர்கள் வேலைக்குப் போகும்போது அதைக் குறைத்துவிட்டுப் போனால், கீழே இருப்பவர்கள் போர்வைக்குள் முடங்கவேண்டியதுதான். சின்ன மின்சார ஹீட்டரை வாங்கி வைத்தால் கறண்ட் கட்டணத்தில் சண்டை வரும்.

இன்று மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று சொந்த வீடுகள். நிலவறையில் எரிவாயுவில் எரியும் ஃபர்னஸ், அறைக்கு அறை சூட்டுக் காற்று, கைபேசியிலேயே கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட். கார் கராஜுக்குள் நிற்கிறது. வீட்டிலிருந்து வேலைத்தலம் வரை குளிர் படாமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். பனியை அள்ளி முடித்து நிமிரும்போது நகரசபை வண்டி வந்து, வயலுக்கு வரம்பு கட்டிய மாதிரி வாசலை மறித்துப் பனியை ஒதுக்கிவிட்டுப் போவது மட்டும் அன்று போலவே இன்றும் நடக்கிறது.

1999 ஜனவரியை அன்று இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நகரம் பனியில் புதைந்து, அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். ஊரில் இராணுவ வண்டியின் சத்தம் கேட்டாலே ஒழுங்கைக்குள் ஓடி ஒளித்தவர்கள், இங்கே அதே வகை வண்டிகள் பனி அள்ள உதவிக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இராணுவம் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று அந்தப் பனிக்காலத்தில் அறிந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அடுப்படி

அடுப்படி மாற்றத்தைச் சொல்லத் தோசை மா ஒன்றே போதும். ஊரில் உழுந்தை அரைத்து வைத்தால் விடியும்போது மா சட்டியை விட்டு வழியும். இங்கே மாசி மாதத்தில் இரவு வைத்த மா காலையிலும் வைத்தபடியே கிடக்கும். மா நன்றாகப் புளிக்க 30 பாகை அளவு வெப்பம் வேண்டும். வீட்டுக்குள் இருப்பதோ 20, 21. தொடர்மாடிப் பெண்கள் ஹீட்டருக்கு மேல் பலகையை வைத்து, பலகைமேல் சட்டியை வைத்து, பழைய போர்வையால் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி கண்டுபிடித்தாள்: அவணை மூட்டத் தேவையில்லை, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டால் அந்த மஞ்சள் பல்பின் சூடு இரவு முழுவதும் போதும்.

"பிள்ளை, மா பொங்கேல்லை. ரெண்டு நாளாச்சு."

"அவணுக்குள்ள லைட்டைப் போட்டு வையுங்கோ மாமி. காலமை பாருங்கோ."

இப்படித் தொலைபேசியிலேயே அந்த உபாயம் வீடு வீடாகப் பரவியது. மா உள்ளே இருப்பது தெரியாமல் யாரும் அவணைப் போட்டுவிடக் கூடாதென்று கதவில் துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கும்: "மா இருக்கு." இன்று இன்ஸ்டன்ட் பொட்டில் தயிர் உறையப் போடும் பொத்தானை அழுத்தினால் மாவும் புளித்துவிடுகிறது. அதுவும் வேண்டாம் என்றால் தமிழ்க்கடையில் அரைத்த மா பையில் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் உபாயத்தின் தேவை போனபோது, அதைக் கேட்டு மாமி எடுத்த தொலைபேசி அழைப்பும் போய்விட்டது.

மணம் இன்னொரு சங்கதி. பனிக்காலத்தில் ஜன்னல்கள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். மீன் பொரித்தால், வாசலடியில் கொழுவியிருக்கும் கோட்டில் ஏறும் மணம் பங்குனி வரை போகாது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிய பிள்ளைகள் மற்றவர்களுக்குத் தள்ளி நின்றார்கள். மிளகாய் வறுத்தால் புகைமணி கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் தூள் ஊரிலிருந்து பார்சலில் வந்தது. இன்று ஸ்காபரோவிலேயே தூள் வறுத்து அரைத்துத் தருகிறார்கள். பல வீடுகளில் நிலவறையிலோ கராஜிலோ இரண்டாவது அடுப்பு இருக்கிறது. அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு கராஜில் நின்று மீன் பொரிப்பாள். வீட்டுக்குள் மணம் வராது. அடுப்படி வெளியே போனதில் அவள் மீண்டும் குளிருக்குள் போனாள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கறிவேப்பிலை அன்று ஊரிலிருந்து வந்தவர்களின் பைக்குள் காய்ந்த சருகாக வந்தது. இன்று அநேக வீடுகளில் சட்டியில் செடி நிற்கிறது. ஐப்பசிக் குளிருக்கு முன் அதை உள்ளே தூக்கி வைத்து, தெற்குப் பார்த்த ஜன்னலடியில் விட்டுவிடுவார்கள். மாசியில் அது இலையைக் கொட்டத் தொடங்கும். வறண்ட காற்றும் குறைந்த வெளிச்சமும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. அம்மம்மா ஒவ்வொரு காலையும் விழுந்த இலைகளைப் பொறுக்கி, இன்னும் பச்சையாக இருப்பவற்றைக் கறிக்கு எடுப்பாள். மே மாத விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகுதான், இனி உறைபனி வராது என்ற நம்பிக்கையில், செடியை வெளியே வைப்பார்கள்.

கோட்டு வேண்டாத ஒழுங்கை

அன்றைய தொடர்மாடி வாழ்க்கையை வறுமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். வறுமைதான். ஆனால் அந்தக் கட்டடங்களில் ஒரு வசதி இருந்தது. அதை யாரும் வசதி என்று அப்போது நினைக்கவில்லை. பத்தாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்குப் போகக் கோட்டு வேண்டாம், சப்பாத்து வேண்டாம். வீட்டுச் செருப்போடு, கையில் ஒரு கோப்பைக் கறியோடு, லிப்டில் இறங்கிப் போகலாம். நீண்ட நடைகூடமே ஒழுங்கையாக இருந்தது. கதவைத் தட்டிச் சீனி கடன் கேட்டார்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சனிக்கிழமை இரவு வாடகைக்கு எடுத்த வீடியோ கசெற்றைப் பார்க்க நாலு வீட்டார் ஒரு வீட்டில் கூடினார்கள். வெளியே மைனஸ் 20 என்றாலும் உள்ளே ஊர் நடமாடியது.

சொந்த வீடு வாங்கிப் புறநகருக்குப் போனபோது அந்த ஒழுங்கை இல்லாமல் போனது. பக்கத்து வீட்டில் தமிழரே இருந்தாலும் அங்கே போக வேண்டுமானால் கோட்டு, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டு, பனி உறைந்த நடைபாதையில் இறங்கவேண்டும். இளையவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. எழுபது வயதுக்காரிக்கு அது இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து. கடைக்குப் போகப் பேருந்துத் தரிப்பிடம் தூரம். கார் ஓட்டத் தெரியாது. மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. காலை 8 மணியிலிருந்து மாலை வரை அந்தச் சூடான, அழகான, பெரிய வீட்டில் அம்மம்மா தனியாக இருக்கிறாள். ஊரில் அவளுக்கு வேலிக்கு மேலால் கதை இருந்தது, சந்தை இருந்தது, காலைப் பூசைக்கு மணி இருந்தது. தொடர்மாடியில் நடைகூடமாவது இருந்தது. இங்கே ஜன்னல் இருக்கிறது.

தொலைபேசி ஓரளவு கைகொடுத்திருக்கிறது. தொண்ணூறுகளில் போர்ச்சூழலில் யாழ்ப்பாணத்துக்கு நினைத்தபடி பேச முடியாது. கடிதம் வாரக்கணக்கில் அலையும். குரல் கேட்க வேண்டுமானால் ஊரிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வரவேண்டும். அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்தி, "கேக்குதோ? கேக்குதோ?" என்று கத்துவதிலேயே பாதி நிமிடங்கள் கரையும். இன்று பனிக்காலத்தில் இரு இடத்துக்கும் 10½ மணி நேர வித்தியாசம். இங்கே இரவு 7 மணி இருட்டில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கே விடியப்புறம் 5:30. சேவல் கூவுவது கேட்கும், கோயில் மணி கேட்கும், தங்கச்சி முற்றம் கூட்டுவது தெரியும். அந்த அரைமணி நேரம் அம்மம்மாவின் முகம் மாறிவிடுகிறது. அழைப்பை வைத்த பிறகும் வீட்டில் இரவுதான்.

இருட்டும் உடம்பும்

பனிக்காலச் சலிப்பை மனப்பலவீனம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு வரும் மனச்சோர்வை மருத்துவர் நோர்மன் ரோசன்தாலும் சகாக்களும் 1984இலேயே விவரித்து எழுதினார்கள். நித்திரை கூடும், மாப்பொருள் தின்னும் ஆசை கூடும், எதிலும் நாட்டம் குறையும். அதற்கு மருந்து உண்டு. காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளி விளக்குக்கு முன் இருப்பதும் ஒரு சிகிச்சை. தோல் கறுத்தவர்களுக்கு வெயிலில் வைட்டமின் டி ஊறக் கூடுதல் நேரம் எடுக்கும். இந்த அகலாங்கில் பனிக்கால வெயிலில் அது கிட்டத்தட்ட ஊறுவதே இல்லை. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கனடாவின் சுகாதாரத் துறை நாளொன்றுக்கு 800 அலகுகள் பரிந்துரைக்கிறது. "அம்மா சும்மா சோர்ந்துபோய் இருக்கிறா" என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடம் கேட்கவேண்டிய விடயம் இது.

ஆண்களுக்கு வேறு ஆபத்து. கியூபெக்கின் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்த ஒரு மருத்துவ ஆய்வு, கடும் பனி விழுந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. பனி அள்ளுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இனிப்பு நோயும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் சமூகத்தில், அறுபது தாண்டிய அப்பா "நான் அள்ளுறன்" என்று சவளைத் தூக்கினால் பிள்ளைகள் அதை வாங்கவேண்டும்.

2021 ஒரு பாடம். பெருந்தொற்றுக்காக ஒன்ராறியோ அரசு வீட்டிலேயே இருக்கும்படி இட்ட உத்தரவு நடைமுறைக்கு வந்தது ஜனவரி 14, தைப்பொங்கல் நாளன்று. பொங்கல் பொங்கியது, பகிர ஆள் வரவில்லை. கோயிலுக்குப் போக முடியவில்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் எல்லோரும் வீட்டுக்குள் இருந்து, வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காருக்குள் இருந்து கைகாட்டிப் போனோம். இளையவர்களுக்கு அது தாங்கமுடியாத ஒரு வருடம். முதியவர்கள் பலருக்கு ஒவ்வொரு மாசியும் பங்குனியும் ஏறத்தாழ அப்படித்தான் போகிறது. அதை நாம் அந்த ஆண்டு ஒருமுறை வாழ்ந்து பார்த்தோம்.

வெறுமையான மாதங்கள்

நம் நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் விருந்துகள். ஜனவரி முழுவதும் பொங்கல் விழாக்கள். கனடா நாடாளுமன்றம் 2016இல் அந்த மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்ற பிறகு வார இறுதிகளில் மண்டபம் கிடைப்பதே கஷ்டம். அதன்பின் சிவராத்திரி ஒன்றை விட்டால் சித்திரை வருடப்பிறப்பு வரை பெரிதாக ஒன்றுமில்லை. கலியாணங்களும் கோயில் திருவிழாக்களும் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களும் கோடைக்குப் போய்விடுகின்றன. உடம்பும் மனமும் மிகவும் களைத்திருக்கும் மாசியிலும் பங்குனியிலும்தான் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் இருக்கிறோம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஸ்காபரோவில் பனிக்காலக் காலைகளில் முதியவர்கள் அங்காடிக் கட்டடத்துக்குள் நடக்கிறார்கள். கொண்டுபோய் விட ஒரு ஆள் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. வெளிச்சமும் சூடும் மனிதர்களும் உள்ள இடங்கள் அவை. ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் கூட்டங்களில் ஒன்றை ஜூலையிலிருந்து மாசிக்கு மாற்றலாம். முதியோரை வாகனத்தில் ஏற்றி இறக்க ஆட்களை ஒழுங்கு செய்துவிட்டு நாளைக் குறிக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குப் பனி பகை அல்ல. அவர்கள் சறுக்கி விளையாடி வளர்ந்தவர்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் மாறி மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடும்போது, அம்மம்மாவின் கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக் கொண்டுவர அவர்களால் முடியும்.

புதுவருடத்துக்கும் பெரிய வெள்ளிக்கும் இடையே நீண்ட வெறுமை இருப்பதை ஒன்ராறியோ அரசே உணர்ந்துதான், 2008 முதல் பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமையைக் குடும்ப நாள் என்று விடுமுறையாக்கியது. அந்தத் திங்கட்கிழமையை நம் வீடுகளில் பெரும்பாலோர் நித்திரைக்கும் கடைக்கும் கொடுக்கிறோம். அதை முதியவர்களுக்குக் கொடுப்போம். பழைய தொடர்மாடியில் சீனி கடன் தந்த மாமி இப்போது எந்த நகரத்தில், யாருடைய வீட்டில் இருக்கிறா என்று விசாரித்து, ஒரு சட்டி கறியோடு போய், கோட்டைக் கழற்றிவிட்டு மத்தியானம் முழுக்க இருந்து கதைப்போம். அடுத்த மாசிக்கும் வருவோம் என்று சொல்லிவிட்டு, வருவோம்.